பன்னிரண்டுக்கும் தாங்கும்

இன்று காலை உன் மகள் வந்தாள். வண்ணார்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடந்தே வந்திருக்கிறாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "உம்மா இத டீச்சர்ட்ட குடுக்கச் சொன்னாவ" என்று ஒரு டின்னை நீட்டிவிட்டுப் போய்விட்டாள். உன் தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்து, ஆய்வகத்தில் நீ சில்லறைச் சாமான் போட்டு வைத்திருந்த அதே மிட்டாய் டின். மூடியைத் திறந்ததும் வயரை ஈயம் வைத்து ஒட்டுகிற சால்டரிங் பேஸ்டின் வாசனை குப்பென்று அடித்தது. நீ மௌத்தாகிப் போய்ச்சேர்ந்து நாற்பது நாள் ஆகிறது. இத்தனை நாளும் வராத அழுகை அந்த வாசனைக்கு வந்தது.

பள்ளிக்கூட இயற்பியல் ஆய்வகத்தில் நான் ஆசிரியை, நீ உதவியாளர். கரும்பலகையில் ஓம் விதியை எழுதுவது என் வேலை. அதை வைத்து எதையாவது எரிய வைப்பது உன் வேலை. கடைசி மணி அடித்த பிறகு அரை மணி நேரம் நாம் இருவரும் ஆசிரியையும் உதவியாளரும் இல்லை. உன் வீட்டுப் பெருநாளுக்கு ஒரு பிறை, என் வீட்டுக் கொலுவுக்கு ஒரு கோபுரம் என்று சின்னச் சின்ன எல்இடி விளக்குகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தோம். முதல் பாக்கெட்டில் பாதியை நான்தான் நேராக பேட்டரியில் வைத்துக் கருக்கினேன். நீ சிரித்தாய்.

"ஏளா, அதுக்குப் போதும்னு சொல்லத் தெரியாது. குடுக்கதையெல்லாம் வாங்கிட்டுச் செத்துப் போவும். நாமதான் குறுக்க ஒரு ரெசிஸ்டரப் போட்டு நிறுத்தணும்" என்றாய். கணக்கு இருபது மில்லிஆம்பியர் தாங்கும் என்று சொன்னால் நீ பன்னிரண்டு, பதின்மூன்றிலேயே நின்றுவிடுவாய். "வெளிச்சம் கொஞ்சம் கொறையட்டும், ஆயுசு கெடக்கும்" என்பாய்.

ஒரு வருடம் கொலுவுக்கு ஆற்றுப் பாலம் செய்தோம். தெர்மாகோலில் வளைவுகள், மேலே இரண்டு பக்கமும் இருபத்து நான்கு தெருவிளக்குகள். ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக ஒரு நூற்றைம்பது ஓம் ரெசிஸ்டர். பழுப்பு, பச்சை, பழுப்பு என்று வளையம் பார்த்துப் பார்த்து வைத்தாய். செல்போன் சார்ஜரின் ஐந்து வோல்ட்டில் அவை நிதானமாக எரிந்தன. எனக்குத்தான் நிதானம் போதவில்லை.

முதல் நாள் சாயங்காலம் என் நாத்தனார் கல்லிடைக்குறிச்சியிலிருந்து வருகிறாள் என்றதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. எதைக் கண்டாலும் ஒரு குறை சொல்லுகிறவள். ட்யூப்லைட் வெளிச்சத்தில் நம் பாலம் மங்கலாகத் தெரிந்தது. பழைய இன்டர்நெட் பெட்டியின் பன்னிரண்டு வோல்ட் அடாப்டர் ஒன்று கிடந்தது. நீ போட்ட வயரை வெட்டி, அதில் முறுக்கிவிட்டேன். ரெசிஸ்டர்தான் இருக்கிறதே, தாங்கும் என்று நினைத்தேன். ஐந்துக்குப் போட்ட கணக்கு பன்னிரண்டுக்கு எப்படித் தாங்கும்? பதின்மூன்று மில்லிஆம்பியர் போன இடத்தில் அறுபது போகும். பிள்ளைகள் இப்படிக் கணக்குப் போட்டால் முட்டை போடுகிறவள் நான்.

நீ வந்தபோது பாலம் ஜொலித்துக்கொண்டிருந்தது. சுண்டலைக் கையில் வாங்கிக்கொண்டு அதையே பார்த்தாய். "ஏளா, என்ன இப்பிடி எரியுது?" என்று பைய என் காதருகில் கேட்டாய். "நீ செஞ்சதுதான, நல்லாத்தான் எரியும்" என்று சொல்லி நகர்ந்துவிட்டேன்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வெளிச்சம் நீலம் பாய்ந்தது. ரெசிஸ்டர்கள் சுட்டு, தெர்மாகோல் கருகி நாற்றம் எடுத்தது. பிறகு ஒவ்வொன்றாக அணைந்தன. "மொத நாளே கொலுவுல வெளக்கு அணையுதே!" என்று நாத்தனார் நெஞ்சில் கை வைத்தாள். "யாரு செஞ்ச வேல இது?"

நான் உன்னைக் கை காட்டினேன். அது போதாதென்று, "நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன் மதினி, கேக்கல" என்றும் சொன்னேன்.

"பெஞ்சு தொடைக்கவள நம்பியா கரண்டு வேலையக் குடுத்த?" என்றாள் அவள். நீ சுண்டலைக் கீழே வைத்தாய். பாலத்தைச் செய்தித்தாளில் சுற்றினாய். "சரி பண்ணித் தாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போனாய்.

அடுத்த நாள் ஆய்வகத்தில், "வாங்க டீச்சர்" என்றாய். நான் ஓய்வு பெறும் வரை, ஆறு வருடம், ஏளா போய் டீச்சர்தான். நீ பாலத்தைத் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. உன் மேலும் எனக்குக் கோபம்தான். ஒரு தடவை சண்டை போட்டிருக்கலாம். "மனுஷியா நீ" என்று கேட்டிருக்கலாம். மரியாதையாகப் பேசியே என்னைக் கொன்றாய். எனக்கோ, உனக்கு உண்மை தெரியாது என்று நம்புவதுதான் வசதியாக இருந்தது.

டின்னுக்குள் பாலம் இல்லை, கருகிய அந்த இருபத்து நான்கு விளக்குகளுக்குப் பதிலாகப் புதியவை இருக்கின்றன. இந்த முறை மூன்று மூன்றாக வரிசையில் கோத்திருக்கிறாய். மூன்றும் சேர்ந்து ஒன்பது வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், மீதி மூன்று வோல்ட்டுக்கு முந்நூற்று முப்பது ஓம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒன்பது மில்லிஆம்பியர். முனையில் அந்த அடாப்டருக்கென்றே ஒரு பின். கூடவே, நான் கத்தியால் வெட்டி முறுக்கிய பழைய வயர்த் துண்டும், உன் கையெழுத்தில் ஒரு சீட்டும். "12-க்கும் தாங்கும்."

அன்றைக்கே உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான், நானே மறுபடி கை வைத்தாலும் கருகாதபடி செய்து வைத்திருக்கிறாய். இதைவிட நீ என்னைக் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

மத்தியானம் நாத்தனாருக்குப் போன் செய்தேன். "மதினி, அந்தக் கொலுவுல பாலத்து லைட்டு கருகிச்சுல்லா, அது நான் செஞ்ச தப்பு. அவ செய்யல."

"எந்தப் பாலம்? எந்த லைட்டு?" என்றாள். "அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு? ஒனக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

அவளுக்கு நினைவே இல்லை. அவள் முன்னால் என் மானம் போகக்கூடாது என்றுதான் உன்னை விட்டுக்கொடுத்தேன்.

விளக்குகளை அதே அடாப்டரில் போட்டு நாலு மணி நேரம் ஆகிறது. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. நீ என்னை ஏளா என்று கூப்பிட்டுக் கேட்ட கடைசிக் கேள்வி, "என்ன இப்பிடி எரியுது?", அப்படியே என் காதருகில் நிற்கிறது. இதுதான் அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது: ஏளா, அடாப்டர மாத்திட்டேன்.