நாலாயிரம் காலிக் கட்டங்கள்

மார்ச் 3

அன்புள்ள பொடியனுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கு நலம். அன்று சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும், "உன் வேலைக்கு ஆயுசு கம்மிக்கா" என்று சொன்னாயே, அதற்குப் பிறகு இதுதான் முதல் கடிதம். கோபம் தீர்ந்து எழுதவில்லை, காரியம் இருக்கிறது.

எங்கள் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடமாக நான் கட்டி மேய்த்த டேட்டாபேஸை ஜூனில் மூடுகிறார்கள். புதியதற்கு மாற்றும் வேலை உங்கள் கம்பெனிக்கு வந்திருக்கிறது. பழைய கோப்பு அறைக்குப் போகிறீர்களா என்று இயக்குநர் மரியாதையாகக் கேட்டார். "புதுசையும் நானே பாத்துக்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டேன். பாடம் அனுப்பு. படித்துக்கொள்வேன்.

அக்கா

மார்ச் 11

அன்பு அக்காவுக்கு,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் என் பெண்டாட்டி எனக்கு முன்னால் பிரித்துவிட்டாள். அன்று உன்னிடம் பேசிய பேச்சுக்காக இரண்டு வருடமாக என்னைத் திட்டிக்கொண்டிருந்தவள், இப்போதுதான் ஓய்ந்தாள்.

உங்கள் ஆஸ்பத்திரிக்கான மாற்றும் புரோகிராமை நானேதான் எழுதுகிறேன். பாடங்களும் பழகிப்பார்க்கப் புதியதின் ஒரு பிரதியும் அனுப்பியிருக்கிறேன். பழையதை அடியோடு மறந்துவிடு, அப்போதுதான் இது பிடிபடும். ஐம்பது வயதில் சிரமம்தான். சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் எழுது.

பொடியன்

மே 28

அன்புள்ள தம்பிக்கு,

அனுப்பியதெல்லாம் படித்து முடித்தேன். முதலில் ஒரு எழுத்துப் பிசகினாலும் முகத்திலடித்தாற்போல் திருப்பி அனுப்பியது. இப்போது எனக்கும் அதற்கும் ராசி. இருபது நிமிடம் பிடித்த வார்டு அறிக்கை இரண்டே நிமிடத்தில் வருகிறது. மறைப்பானேன், பிடித்துவிட்டது.

இனி விஷயம். உன் புரோகிராம் மாற்றித் தந்த சோதனைப் பிரதியையும் பழையதையும் நேற்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணினேன். 'மருந்து ஒவ்வாமை இல்லை' என்று இருப்பவர்கள் புதியதில் நாலாயிரத்துச் சொச்சம் பேர் கூடுதல். பழையதில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால், நர்ஸ் இன்னும் கேட்கவில்லை என்று அர்த்தம். நீ காலியை எல்லாம் 'இல்லை' ஆக்கிவிட்டாய். இதை நம்பி யாருக்காவது ஆகாத ஊசியைப் போட்டால்? திங்கட்கிழமை திறப்பதாக இருந்தார்கள்.

காலையிலேயே இயக்குநரிடம் சொல்லி நிறுத்திவிட்டேன். எழுதியது யார் என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். உன்னிடம் முதலில் சொல்லியிருக்கலாம். "யார்கிட்டயும் சொல்லாதக்கா, இன்னைக்கே சரி பண்ணிடறேன்" என்று நீ கேட்டிருந்தால், என்னால் மறுக்க முடிந்திருக்குமா தெரியவில்லை. அதனால்தான் சொல்லவில்லை.

அக்கா

ஜூன் 6

அக்கா,

மூன்று நாள் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ எழுதியபடியே, வார்த்தை மாறாமல் கேட்டிருப்பேன். அதுதான் அதிகமாகச் சுட்டது.

காலிக் கட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று உங்கள் ஆஸ்பத்திரியில் ஒருவரைக்கூட நான் கேட்கவில்லை. மேலாளரிடம் அதை ஒப்புக்கொண்டேன். வேறு ஆளைப் போடட்டுமா என்றார். "நானே போறேன் சார். ஆனா எங்கக்கா பாத்துக் கையெழுத்துப் போடாம எதையும் திறக்க வேண்டாம்" என்றேன். சரி என்றார்.

ஞாயிறு காலை ரயிலில் வருகிறேன். பத்து நாள் வேலை இருக்கும். ஹோட்டலில் அறை போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். அக்கா வீடு இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

பொடியன்