பெருமாள் கோயில் வளைவில் நான் காட்டாத கை

போன ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக்கடைச் சீட்டைத் தேடி மேஜை இழுப்பறையைக் கட்டிலில் கவிழ்த்தேன். ஒரு பேண்ட் கிளிப் வந்து விழுந்தது. சைக்கிள் சங்கிலியில் துணி சிக்காமல் இருக்கக் கணுக்காலில் மாட்டுவோமே, அந்த எஃகு வளையம். அது உன்னுடையது. ஜோடியாக வாங்கியதில் ஒன்றைப் பயிற்சியின் முதல் நாளே என் கையில் கொடுத்துவிட்டாய். "செயின் வலத்து பக்கமல்லே இருக்கு, எடத்து காலுக்கு எந்துக்குடா நகை?" என்றாய். துருப்பிடித்திருந்தாலும் அதன் பிடிப்பு விடவில்லை. மாட்டிப் பார்த்தேன். என் கால்தான் இளைத்திருந்தது.

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். செத்தவர்களுக்குக் கடிதம் எழுதுவது என்னைப் போன்ற கோழைகளுக்கு வசதி. எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்க்க மாட்டார்கள், "ஏன்டா?" என்று கேட்க மாட்டார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் என் பக்கத்தில்தான் இருந்தாய். சொல்லவா நேரமில்லை?

எண்பதுகளின் தொடக்கம் அது. கொச்சி மட்டாஞ்சேரியில் நான் ஒரு மிளகுக் கம்பெனியில் குமாஸ்தா. நீ வெளி என்ற இடத்துச் சலவைக்கூடமான டோபிகானாவில் எங்கள் வீட்டுத் துணிகளுக்கும் சேர்த்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தாய். திருச்சூர்ப் பக்கம் போலியோ வந்த பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்குக் காலில் மாட்டும் இரும்புப் பட்டைகள் வாங்க நிதி திரட்ட வேண்டும், ஏழு பேர் சைக்கிளில் அங்கே போவோம், வழியெல்லாம் உண்டியல் ஏந்துவோம் என்று எங்கள் கிளப்பில் முதலில் சொன்னவன் நான். யோசனை என்னுடையது என்பதில் எனக்கு அப்படி ஒரு பெருமை. அந்தப் பெருமைதான் பிறகு எல்லாவற்றையும் கெடுத்தது.

உன்னைக் கூட்டி வந்ததும் நான்தான். உன் தலைக்கு மேல் உயரும் துணி மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு, தோப்பும்படிப் பாலத்து ஏற்றத்தில் ஒரு முறைகூடக் காலை ஊன்றாமல் நீ ஏறுவதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். அந்த ஏற்றத்தில் மூட்டை எதுவும் இல்லாமலே எனக்கு நாக்குத் தள்ளும். நாங்கள் மற்ற ஆறு பேரும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள். உனக்கு சைக்கிள்தான் வேலை.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஒரு டிரில் மாஷ், பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி வாத்தியார். ஏழு பேரில் அவரும் ஒருவர். விடிந்தும் விடியாத நேரத்தில் சுள்ளிக்கல்லில் கூடுவோம். தோப்பும்படி தாண்டி, பள்ளுருத்தி வழியாக, கும்பளங்கிக் காயல் கண்ணில் படும் இடம்வரை போய்த் திரும்புவோம். வரிசையாகத்தான் ஓட்ட வேண்டும், ஒரு சக்கரத்துக்கும் அடுத்த சக்கரத்துக்கும் இடையில் ஒரு முழம்தான். அவ்வளவு நெருங்கிப் போனால் பின்னால் இருப்பவனுக்குக் காற்று அடிக்காது, ஆனால் முன்னால் ரோடும் தெரியாது. அதற்காக மாஷ் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஊர் தூங்கும் நேரத்தில் யாரும் சத்தம் போடக்கூடாது. குழி வந்தால் முன்னால் போகிறவன் இடது கையைத் தாழ்த்திக் குழி இருக்கும் பக்கம் காட்ட வேண்டும். அவன் பின்னால் இருப்பவனும் அதையே செய்ய வேண்டும், அவன் பின்னால் இருப்பவனும். கடைசி ஆள்வரை கை போய்ச் சேரும்.

"முன்னால போறவனோட கண்ணு அவனுக்கு மாத்திரமில்ல, பின்னால வர்றவனுக்கும் கூடியாணு," என்பார் மாஷ். கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கையை நம்ப வேண்டும். நாங்கள் நம்பினோம். முதல் வாரம் பிரேக் பிடித்துப் பிடித்து ஓட்டிய பயந்தாங்கொள்ளிகள், மூன்றாம் வாரம் முன்னால் இருப்பவனின் முதுகைப் பார்த்துக்கொண்டே பறந்தோம்.

நான் சொல்ல வந்த அந்த நாளுக்கு முந்தின சாயங்காலம் துலாமாத மழை பெய்து ஓய்ந்திருந்தது. பள்ளுருத்தியில் சாயா குடிக்க நின்றோம். திருச்சூருக்குப் போகும் நாளில் வரிசைக்கு முன்னால் யார் போவது என்று மாஷ் அங்கேதான் சொன்னார். கொடி கட்டிய சைக்கிள் அது. இல்லத்து வாசலில் பிள்ளைகள் போடும் முதல் மாலை அந்த ஆளுக்கு. அவர் உன் பெயரைச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

நீ என் தோளில் கை போட்டாய். "எடா, நீ என் பின்னால ஒட்டிக்கோ. உனக்கு காத்தடிக்காம நான் பாத்துக்கறேன்," என்று சிரித்தாய். அதில் கேலி பாதி, பாசம் பாதி. எனக்குப் பாசம் காதில் விழவில்லை. என் சட்டைக்குக் கஞ்சி போடுகிறவன் முன்னால் போவதா, யோசனை சொன்ன நான் அவன் பின்னால் ஒட்டிக்கொண்டு போவதா? இப்படித்தான் நினைத்தேன். இதை எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் நினைத்தது இதைத்தான், வேறு நல்ல வார்த்தை போட்டு மூட மாட்டேன்.

திரும்பும்போது மாஷ் முன்னால், நான் இரண்டாவது, நீ எனக்குப் பின்னால். பெருமாள் கோயில் வளைவில் ரோட்டை அடைத்துக்கொண்டு தண்ணீர் நின்றது. போகும்போது வேறு ஓரத்தில் போனோம்; அடியில் குழி இருப்பது முன்னால் போன மாஷ் கண்ணில் மட்டும்தான் பட்டிருந்தது. மாஷ் கையைத் தாழ்த்திக் காட்டினார். நான் பார்த்தேன். ஹேண்டிலை ஒடித்து விலகினேன். என் இடது கை ஹேண்டிலிலேயே இருந்தது.

மறந்துவிட்டேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். கை வழுக்கியது, நேரம் போதவில்லை, வளைவில் ஒரு கையால் ஓட்டப் பயந்தேன், எத்தனையோ காரணம். ஒன்றும் நிற்கவில்லை. நேரம் இருந்தது. 'கொஞ்சம் தடுமாறட்டுமே' என்று ஒரு நினைப்பு வந்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீ விழுவாய் என்று நினைக்கவில்லை, தண்ணீர் தெறித்து, சைக்கிள் ஆடி, நாலு பேர் சிரிப்பார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

நீ வலது முழங்கை மடங்க விழுந்தாய். உன்னைத் தூக்கி உட்கார வைத்தபோது கை தப்பான பக்கம் திரும்பியிருந்தது. மாஷ் ஓடி வந்தார். முதலில் என்னிடம்தான் கேட்டார், "நீ கை காட்டியில்லே?"

"காட்டினேன் மாஷே."

வலியில் முகம் வெளுத்திருந்த நீ என்னை ஏறிட்டுப் பார்த்தாய். சந்தேகப்பட்டு அல்ல. "அப்போ நான்தான் பாக்கல," என்றாய். "என் கண்ணு எவிடேயோ போயிருக்கு. சாரமில்ல மாஷே, ஆரும் பேடிக்கண்டா." பயப்பட வேண்டாம் என்று நீ எங்களுக்குத்தான் ஆறுதல் சொன்னாய். உடைந்தது உன் கை.

எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. முழங்கை பாதிக்கு மேல் மடங்கவில்லை. கரி போட்ட இஸ்திரிப் பெட்டி எத்தனை கனம் என்று எனக்குத் தெரியும், ஒரு நாள் உன் இடத்தில் தூக்கிப் பார்த்திருக்கிறேன். போர்வையும் ஜமுக்காளமும் முறுக்கிப் பிழியும் வேலை உன்னைக் கல்யாணம் செய்து ஆறு மாதம்கூட ஆகாத பாக்கியத்தின் தலையில் விழுந்தது. நாங்கள் திருச்சூர் கிளம்பிய அன்று காலையில் ஆறு வெள்ளைச் சட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு சுள்ளிக்கல்லுக்கு வந்தாய். எல்லாவற்றையும் இடது கையாலேயே இஸ்திரி போட்டிருந்தாய். "காலர் லேசா கோணலாயிருக்கு, கோவிச்சுக்காதே," என்றாய். அந்தச் சட்டையோடுதான் கொடி கட்டிய சைக்கிளை ஓட்டிக்கொண்டு முன்னால் போனேன். ஆமாம், உன் இடத்தை மாஷ் எனக்குத்தான் தந்தார். நான் மறுக்கவில்லை.

இல்லத்து வாசலில் மாலை போட்ட பெண்பிள்ளைக்குப் பத்து வயது இருக்கும். ஒரு கையில் ஊன்றுகோல், மறுகையில் மாலை. எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "ஏழு பேரல்லே பறஞ்ஞது? ஒரு சேட்டன் எவிடே?" என்று கேட்டாள். விழுந்துவிட்டார் என்றேன். எப்படி என்றாள். ரோட்டைப் பார்க்காமல் ஓட்டினார் என்றேன். பட்டைகள் வந்தன, பிள்ளைகள் நடந்தார்கள். அந்த நல்ல காரியத்தை யாராவது பாராட்டும்போதெல்லாம் எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருக்கும்.

கையைவிடப் பெரிய சேதம் ஒன்று நடந்தது. அது எனக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. நீ உன் கண்ணை நம்புவதை விட்டுவிட்டாய். பிள்ளைகள் பிறந்த பிறகு ஒரு நாள்கூட அவர்களை சைக்கிளில் ஏற்றவில்லை. வைட்டிலாவில் ரோட்டைத் தாண்டும்போது என் சட்டையைப் பிடித்துக்கொள்வாய். "நீ பாத்து சொல்லுடா. என் கண்ணு சமயத்துல கழுத்தறுக்கும்," என்பாய். நான் இரண்டு பக்கமும் பார்த்து, "வா" என்பேன். வேறு யாரை நம்பியிருந்தாலும் எனக்கு இத்தனை வலித்திருக்காது.

பாக்கியத்துக்கு அது வாய்ப்பாடாகவே ஆகிவிட்டது. பால் பொங்கி வழிந்தால், நீ குடையை பஸ்ஸில் மறந்தால், துணி மாறிப் போனால், எல்லாவற்றுக்கும் ஒரே ஏச்சு. "ரோட்டப் பாக்கத் தெரியாத மனுஷன்! அன்னிக்கு ஒழுங்கா முன்னால பாத்திருந்தா எனக்கு இந்த கதி உண்டா?" பிழிந்து பிழிந்து அவள் மணிக்கட்டு வீங்கிய நாட்களில் அதில் கண்ணீரும் இருக்கும். நீ தலையைக் குனிந்து, "சரிதான், எனக்கு ஸ்ரத்தை கொறவு," என்பாய். நான் உங்கள் வீட்டுச் சாயாவைக் குடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். எத்தனை சாயா! ஒன்றாவது தொண்டையில் அடைத்திருக்கலாம்.

கடைசியில் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். மூன்று தடவை வந்தேன். மூன்று தடவையும் ஆரஞ்சுப்பழம் உரித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

கிளிப் கிடைத்ததற்கு இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, பாக்கியத்திடம் போனேன். மத்தியானம், வீட்டில் அவள் மட்டும்தான். வழக்கம்போல் சாயா கொண்டுவந்து வைத்தாள். சுவரில் உன் படம். குடிப்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று தொடங்கி, மாஷ் காட்டியது, நான் பார்த்தது, காட்டாதது, காட்டினேன் என்று சொன்னது, ஏன் என்பது, எல்லாவற்றையும் சொன்னேன். அறைந்தால் வாங்கிக்கொள்ளவும், வெளியே போ என்றால் போகவும் தயாராகத்தான் வந்திருந்தேன். உண்மையைச் சொன்னால் அதைத்தான் எதிர்பார்த்தே வந்திருந்தேன். ஏச்சு வாங்கினால் பாரம் குறையும் என்று ஒரு சுயநலம்.

அவள் என்னை ஏசவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"அவருக்கு இது தெரியுமாண்ணே?"

"தெரியாது."

"ஒரு சம்சயம்கூட வரலியா?"

"வரலை. என்னை நம்பினான்."

அவள் எழுந்தாள். எனக்கு முதுகு காட்டி உன் படத்துக்கு நேரே போய் நின்றாள். "அப்போ நான் இத்தனை காலமும் வெறுதேயா ஏசினேன்?" என்றாள். கேட்டது என்னிடம் அல்ல. "இன்னிக்கு காலையிலகூட ஏசினேனே. விளக்குத் திரி சாஞ்சு போச்சுன்னு, இந்த மனுஷனுக்கு படத்துல இருந்தும் கவனமில்லன்னு…" படத்தின் கண்ணாடியை உள்ளங்கையால் துடைத்தாள். அழுக்கு ஒன்றும் இல்லை, இருந்தாலும் துடைத்துக்கொண்டே இருந்தாள். "நீங்க பாத்துதான் ஓட்டியிருக்கீங்க," என்றாள் உன்னிடம். பிறகு, "என்னை க்ஷமிக்கணும்," என்றாள்.

உன் காலில் விழ வேண்டியவன் நான். என் கண்ணெதிரே அவள் உன்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நீ பதில் சொல்ல முடியாத இடத்துக்குப் போன பிறகு, அவள் செய்யாத குற்றத்துக்கு. இதுவரை இந்தப் பாரம் என் ஒருவனுடையது. அன்று மத்தியானம் நான் அவளுக்கும் ஒரு பங்கு கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், இனி அதைத் திருப்பி வாங்க வழியில்லை.