அவள் சைக்கிளுக்கு ஒரு பின்விளக்கு

நவம்பர் 9, திங்கள்

மருத்துவமனைச் சலவைப் பிரிவில் அவளுக்கு ஷிப்ட் மாற்றிவிட்டார்கள். அடுத்த திங்கள் முதல் காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். நான் ஓட்டும் முதல் பேருந்தே அந்த வழியில் ஆறேகாலுக்குத்தான் போகும். புருஷன் பேருந்து ஓட்டுநர், பெண்டாட்டிக்குப் பேருந்து இல்லை. டெப்போவில் சொன்னால் ஒரு வாரம் வைத்துச் சிரிப்பார்கள்.

அவள் அதற்குள் முடிவெடுத்துவிட்டாள். கூட வேலை செய்யும் பெண்ணின் பழைய சைக்கிள் வந்து படிக்கட்டுக்கு அடியில் நிற்கிறது. ஈரத்துணியால் கம்பி கம்பியாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த நேரத்துல கும்மிருட்டா இருக்குமே" என்றேன்.

"இருட்டுல யாருமே போறதில்லையா? இருபத்திரண்டு வருஷமா நீங்க ஓட்டறீங்க, நான் உக்காந்து வரேன். இனிமே நானும் ஓட்டறேன்."

சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமல் டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு உள்ளே போனேன்.

நவம்பர் 10, செவ்வாய்

எதிலும் மனம் ஒட்டவில்லை. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு பாதி நாள் வண்டி ஓட்டியிருக்கிறேன்.

நவம்பர் 12, வியாழன்

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிலும் எழுதாவிட்டால் வேறு எங்கே?

போன வியாழன். காலை ஆறே முக்கால். பனிமூட்டம். ரயில் பாலத்துக்கு அடியில் சாலை வளையும் இடம். நாலு நிமிடம் தாமதம் என்று டாஷ்போர்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன் — ஒரு பார்வைதான் — நிமிர்ந்தபோது கண்ணாடிக்கு முன்னால் ஒரு முதுகு. கறுப்புக் கோட்டு. சைக்கிள். பின்னால் ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது. பிரேக்கை மிதித்தேன். வண்டி முனகிக்கொண்டு நின்றது. அந்த முதுகுக்கும் என் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்குமா? இருக்காது.

அந்த ஆள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காதில் கம்பளித் தொப்பி. நிதானமாக மிதித்துக்கொண்டு பனிக்குள் போய்விட்டான். தனக்கு என்ன நடக்க இருந்தது என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

உள்ளே நின்றிருந்த அம்மா ஒருவருக்குக் கம்பியில் இடித்து உதடு கிழிந்துவிட்டது. மூன்று தையல். அவரிடம் நாய் குறுக்கே வந்தது என்றேன், டெப்போ படிவத்திலும் "நாய் குறுக்கே ஓடியது" என்று எழுதினேன். ஏன் அப்படி எழுதினேன்? சைக்கிள் என்று எழுதினால் ஏன் முன்பே பார்க்கவில்லை என்று கேட்பார்கள். நாயை யாரும் கேட்கமாட்டார்கள்.

அதே வளைவைத் தாண்டித்தான் திங்கள் முதல் அவள் போக வேண்டும்.

நவம்பர் 13, வெள்ளி

"போக வேணாம், வேலையை விட்டுடு" என்று சொல்லிவிட்டேன். சத்தமாக. சொல்லியிருக்கக் கூடாது.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "காரணம் சொல்லுங்க, யோசிக்கறேன். சும்மா வேணாம்னா வேணாமா? நான் என்ன உங்க பேருந்தா, நீங்க நிறுத்தினா நிக்க?"

காரணத்தைச் சொன்னால் நாயையும் சொல்ல வேண்டும். எழுந்து வெளியே போய் இரண்டு தெரு சுற்றிவிட்டு வந்தேன். சாப்பாடு மூடி வைத்திருந்தது.

நவம்பர் 15, ஞாயிறு

அவளே ஒரு விளக்கு வாங்கி மாட்டிவிட்டாள். எலுமிச்சம்பழம் அளவு. அமுக்கினால் நீலம், பச்சை, சிவப்பு என்று மாறி மாறிக் கண்ணடிக்கிறது. "அழகா இல்ல?" என்றாள், சண்டையை மறந்து. பொம்மைக் கடை மாதிரி இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். "ம்" என்றேன்.

நவம்பர் 16, திங்கள்

ஆறு மணிக்கு அவளுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. ஆறு ஐந்து. எடுக்கவில்லை. ஆறு பத்துக்கு எடுத்தாள்.

"வந்துட்டேன். கை நிறைய வேலை. வைங்க."

வளைவில் என் வண்டி இன்று ஆமை மாதிரி ஊர்ந்தது.

நவம்பர் 17, செவ்வாய்

மதியம் ஷிப்ட் முடிந்து சைக்கிள் கடைக்குப் போனேன். கடையை நடத்துவது ஒரு அம்மா. கை முழுக்கக் கிரீஸ், காதில் பென்சில்.

"இருக்கறதுலயே அதிக வெளிச்சம் எதும்மா?"

"எல்லாரும் அதையேதான் கேக்கறாங்க அண்ணே. எத்தனை மணி நேரம் எரியும்னு யாரும் கேக்கறதில்ல. பெட்டியில எட்டு மணி நேரம்னு போட்டிருப்பான். அது சன்னமா எரிய விட்டா. முழுசா எரிய விட்டா ரெண்டு மணி நேரம். குளிர்ல அதுலயும் குறையும்."

வரிசையாக எடுத்து வைத்தார். எல்லாமே கட்டைவிரல் அளவு, போன் சார்ஜர் ஒயரிலேயே ஏறுகிறவை. ஒயர் செருகும் துளையை மூடும் ரப்பர் தளர்ந்திருந்தால் ஒரே மழையில் செத்துவிடுமாம். சிலது சார்ஜ் தீரப்போகிறது என்று சொல்லாமலே அணைந்துவிடுமாம். "அது வீட்லயே அணைஞ்சா பரவாயில்ல, நடுரோட்டுல அணைஞ்சா ஓட்றவங்களுக்குத் தெரியவே தெரியாது. விளக்கு பின்னாடிதானே இருக்கு?"

அந்தக் கறுப்புக் கோட்டு முதுகு கண்முன் வந்தது. எதுவும் வாங்காமல் கிளம்பப் பார்த்தேன். "எடுத்துட்டுப் போய்ப் பாத்துட்டு வாங்க, உங்க முகமே சரியில்ல" என்று நாலு விளக்கைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

நவம்பர் 19, வியாழன்

சாப்பாட்டு மேசையில் நாலு விளக்கும் எரிகின்றன. எது முதலில் அணைகிறது என்று கணக்குப் பார்க்கிறேன். ஒன்றை ஃப்ரிட்ஜுக்குள் வைத்தேன், குளிருக்கு என்ன செய்கிறது என்று. தயிர் எடுக்கக் கதவைத் திறந்த அவள் அலறிவிட்டாள்.

"உங்களுக்கு என்னதான் ஆச்சு? மனசுல என்னமோ இருக்கு. விளக்கு இல்ல அது."

கண்டுபிடித்துவிட்டாள். எப்போதுமே அப்படித்தான்.

நவம்பர் 22, ஞாயிறு

நீளமாக எழுத வேண்டிய நாள்.

டெப்போவில் என் நண்பன் 'குறட்டை' காவல் டியூட்டி. ஓய்வறையில் அவன் தூங்கினால் ஜன்னல் அதிரும், அதனால் வந்த பெயர். அவனிடம் சொல்லிவிட்டு, இருட்டுகிற நேரத்தில் அவளையும் சைக்கிளையும் அங்கே கூட்டிப்போனேன். பின்பக்கக் காலி மைதானத்தில் என் பேருந்து நின்றது. அவளை ஓட்டுநர் இருக்கையில் ஏற்றி உட்கார வைத்தேன்.

"ஐயோ, எவ்வளவு உயரம்! நான் ஹாரன் அடிக்கலாமா?"

"அடிச்சுக்கோ."

அடித்தாள். குறட்டை தூக்கத்திலிருந்து எழுந்து ஓடி வந்தான். மூன்று பேரும் சிரித்தோம். முகப்பு விளக்கைப் போட்டு, பனிமூட்டம் மாதிரி மங்கலாகத் தெரிய கண்ணாடியில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். என் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு சைக்கிளை மிதித்து மைதானத்தின் மறுகோடிக்குப் போனேன். முதலில் விளக்கே இல்லாமல். அப்புறம் அவளுடைய எலுமிச்சம்பழம். அப்புறம் கடை விளக்குகள் ஒவ்வொன்றாக.

திரும்பி வந்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள்.

"முதல் தடவை நீங்க காணாமயே போயிட்டீங்க. கண்ணைக் கொட்டாமப் பாத்துட்டுத்தான் இருந்தேன். எங்க இருக்கீங்கன்னே தெரியல."

"எலுமிச்சம்பழம்?"

"என்னமோ மினுக்குது. ஆளா, கடை போர்டான்னு தெரியல. வெறுமனே மினுக்கறது பக்கத்துல இருக்கா தூரத்துல இருக்கான்னும் புரியல. விடாம எரிஞ்சது ஒண்ணு இருந்துச்சே, மூணாவது, நீங்க திரும்பும்போது பக்கவாட்டுலயும் தெரிஞ்சுது. அதுதான்."

என் மண்டைக்குள் இத்தனை நாள் ஓடியதை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டாள். படியில் உட்கார்ந்து வியாழக்கிழமையைச் சொன்னேன். கடிகாரம், கறுப்புக் கோட்டு, உதடு, நாய் — எல்லாம். அவள் இருக்கையிலிருந்து இறங்கவே இல்லை.

"இதைச் சொல்லியிருந்தா நானே கேட்டிருப்பேனே. வேலையை விடுன்னு கத்தறதைவிட இதைச் சொல்றது கஷ்டமா?"

"ஆமா."

"நாளைக்குப் போய் மேலாளர்கிட்ட சொல்லிடுங்க. இல்லேன்னா ஃப்ரிட்ஜுல இன்னும் என்னென்ன வைப்பீங்களோ" என்றாள்.

நவம்பர் 23, திங்கள்

சொல்லிவிட்டேன். மேலாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இத்தனை வருஷத்துல உங்க மேல ஒரு புகார் கிடையாது. இப்ப எதுக்கு நீங்களே வந்து..." என்று இழுத்தார். புதுப் படிவம் கொடுத்தார். கோணாமல் எழுதினேன்.

விசாரணை முடியும்வரை ஸ்டியரிங் தொடக்கூடாது. வண்டி கழுவும் பிரிவு, பகல் ஷிப்ட்.

நவம்பர் 24, செவ்வாய்

மூன்றாவது விளக்கையே வாங்கினோம். இரண்டு: ஒன்று சீட்டுக்குக் கீழே, ஒன்று பின்சக்கர மட்கார்டில். ஒன்று செத்தாலும் இன்னொன்று இருக்கும். முன்விளக்கைத் தரை பார்த்துச் சாய்க்கச் சொன்னார் கடைக்கார அம்மா, எதிரே வருகிறவன் கண் கூசக் கூடாதாம். பொருத்தியது அவள். நான் ஸ்குரூ டிரைவரை நீட்டிக்கொண்டு நின்றேன்.

டிசம்பர் 2, புதன்

உதடு கிழிந்த அம்மாவைப் பார்க்க மேலாளர் அனுமதி வாங்கித் தந்தார். பள்ளியில் கணக்கு டீச்சராம். தையல் பிரித்தாகிவிட்டது, சிறிய தழும்பு. வாசலில் நின்றே உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன்.

"அப்ப நாயே இல்லையா?" என்றார். "ஒரு மாசமா அந்த நாய்க்கு என்ன ஆச்சோன்னு கவலைப்பட்டுட்டு இருக்கேன். ரோட்டோரத்துல எந்த நாயைப் பாத்தாலும் நொண்டுதான்னு பாக்கறேன்."

அதன்பிறகுதான் திட்டினார். நன்றாகவே திட்டினார். கேட்டுக்கொண்டேன்.

டிசம்பர் 15, செவ்வாய்

எச்சரிக்கைக் கடிதம். ஒரு வருடத்துக்குப் பதவி உயர்வு கிடையாது. வண்டி ஜனவரியில் திரும்பக் கிடைக்கும். அவள் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு மடித்து அலமாரியில் வைத்தாள். "சரி, சாப்பிட வாங்க."

ஜனவரி 6, புதன்

வண்டி திரும்பக் கிடைத்து மூன்றாம் நாள். பனி. பாலத்துக்கு முன்னால் ஒரு சைக்கிள். அவள் இல்லை, அவள் அந்நேரம் படுக்கை விரிப்புகளைப் பிரித்துக்கொண்டிருப்பாள். யாரோ வயதான மனிதர். பின்விளக்கு நல்லதுதான், ஆனால் கோட்டின் வால் அதன்மேல் விழுந்து விழுந்து மறைத்தது. தெரிவதும் அணைவதுமாக இருந்தது.

வளைவு முழுக்கப் பின்னாலேயே போனேன். உள்ளே ஒருவர், "டிரைவர், தூக்கமா?" என்று கத்தினார். கத்தட்டும்.

நிறுத்தத்தில் அவரும் நின்றார். ஜன்னலைத் திறந்து, "ஐயா, உங்க கோட்டு விளக்கை மறைக்குது" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். "அப்படியா? எனக்கு எப்படித் தெரியும்!" கோட்டைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டார். "இப்ப?"

"இப்ப தெரியறீங்க."

கையைத் தூக்கிக் காட்டிவிட்டு மிதித்துப் போனார். கொஞ்ச தூரம் போகவிட்டு வண்டியை எடுத்தேன்.