நாற்பத்து மூன்று புள்ளிகள்

அன்புச் சின்னுவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், அப்பாவுக்கு இருமல் நின்று மூன்று வாரமாகிறது, எடையும் இரண்டு கிலோ ஏறிவிட்டது, நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். நீ என்னோடு பேசி ஐந்து மாதம் ஆகிறது, போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால்தான் கடிதம். கோபத்தில் கிழித்துப் போடாமல் கடைசிவரை படி.

அப்பாவுக்குக் காசநோய் என்று தெரிந்த அன்று நான் சொன்னது உனக்கும் மறக்காது, எனக்கும் மறக்காது. "லீவுக்கு வந்தப்போ இருமிக்கிட்டே இருந்தியே, நீதான் கொண்டுவந்து குடுத்துட்டே" என்றேன். நீ திரும்பிப் போனதும் உனக்கும் அதே நோய் என்று தெரிந்திருந்தது, எனக்கு அதுவே போதுமாக இருந்தது. அப்பா அன்றைக்கே "வாய மூடு, புள்ள மனசு என்ன பாடுபடும்" என்று அதட்டினார். நான் கேட்டால்தானே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் கிருமியின் மரபணுவிலிருந்து கைரேகை மாதிரி ஒன்று எடுக்கிறோம். மெல்லிய தாளில் நாற்பத்து மூன்று இடம், ஒவ்வொன்றிலும் கறுப்புப் புள்ளி விழும் அல்லது விழாது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போன கிருமி என்றால் இரண்டு வரிசையும் ஒத்துப்போகும். அப்பா கேட்டதும் ஒரு வார்த்தைகூட எழுதாமல் உன் கிருமிக்கு உன் ஊரில் எடுத்த புள்ளி அறிக்கையை அனுப்பினாயே, அது இதற்குத்தான். சொந்தக்காரி கிட்டே வரக்கூடாது என்று எங்கள் டாக்டரம்மா என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார், குழாய்களில் எண் மட்டும், பெயர் கிடையாது. நான் பக்கத்து மேசையில் கழுவின கண்ணாடித் தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

சின்னு, உன் கிருமி வேறு, அப்பாவின் கிருமி வேறு. பதினான்கு இடத்தில் பொருந்தவில்லை. ஒன்றிரண்டு என்றாலாவது யோசிக்கலாம், இது அடியோடு வேறு வம்சம், சந்தேகத்துக்கு இடமே இல்லை. அப்பாவுடையது அச்சகத்தில் அவரோடு அதே ஏசி அறையில் உட்காரும் பைண்டருடையதோடு புள்ளிக்குப் புள்ளி ஒத்துப்போனது. அப்போதும் விடாமல் இன்னொரு முறையில் இருபத்து நான்கு இடம் எண்ணிப் பார்த்தார்கள், அதுவும் அச்சு அசல். எட்டு மாதமாக இருமிக்கொண்டிருந்தாராம் அந்த மனிதர், அவரே வீட்டுக்கு வந்து சொல்லி அழுதார். அப்பாவுக்கு அவர்மேல் துளி கோபமில்லை, "எனக்குக் குடுக்கணும்னா அவன் இருமினான்? பாவம்" என்கிறார். இரண்டு பேரும் இப்போது ஒரே நேரத்தில் மாத்திரை விழுங்கி, ஒருவருக்கொருவர் ஞாபகப்படுத்திக்கொள்கிறார்கள், கூத்துதான்.

இருபத்தாறு வருடமாகச் சோதிக்காமல் ஒரு அறிக்கையில்கூட நான் கையெழுத்துப் போட்டதில்லை, பெற்ற பெண்ணுக்கு மட்டும் சோதிக்காமலே தீர்ப்பு எழுதிவிட்டேன். புள்ளிகள் பொருந்தவில்லை என்பதால் மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைக்காதே. பொருந்தியிருந்தாலும் நான் சொன்னது தப்புதான். உனக்கும் நோய் வந்திருந்தது, தெரியாத ஊரில் தனியாகப் படுத்துக் கிடந்தாய், "எப்படிடி இருக்கே" என்று கேட்டிருக்க வேண்டியவள் நான். ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

மாத்திரை முடிந்துவிட்டதென்று அலட்சியமாக இருக்காதே, கடைசி எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடாதே. நூறு வயசு நோய்நொடி இல்லாமல் இரு கண்ணே. ஞாயிறு காலையில் அப்பாவுக்குப் போன் செய்வாய் அல்லவா, இந்த வாரம் நான்தான் எடுப்பேன். வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்