சலித்த மணல்

மார்ச் 3

கண்ணிவெடி தேடும் எங்கள் கருவி இன்றும், புதைத்த மாதிரி வெடிகளில் பத்துக்குப் பத்து. அணியே கைதட்டியது. நான் தட்டவில்லை. சோதனைத் தொட்டியில் இருப்பது நாங்களே சலித்து உலர்த்திப் போட்ட மணல். வெடி புதைந்த இடத்தில் யார் வந்து சலித்து வைத்திருப்பார்கள்?

மார்ச் 4

ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். பத்தில் நான்கு.

மார்ச் 6

இயக்குநரிடம் சொன்னேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பச்சை விளக்கு. அவர் பொறுப்பில் எந்த ஆராய்ச்சியும் தோல்வி என்ற சிவப்புக் குறி வாங்கியதில்லை. எட்டக்கூடிய இலக்கை மட்டும்தான் எழுதவே விடுவார்.

"ஈர மண்ணுன்னு இலக்குல எங்கம்மா இருக்கு? சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுக்காத. மதிப்பீட்டுக் குழு சரின்னா ராணுவக் கொள்முதலுக்குப் போயிடும். அப்புறம் அவங்க பாடு."

அவங்க பாடா? அதைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்கிறானே, அவன் பாடு!

மார்ச் 9

கணவரிடம் கொட்டித் தீர்த்தேன். "சொல்லிடு. ஆனா சிவப்பு விழுந்தா உன் அணிப் பசங்களையும் சேத்துல்ல கலைச்சிடுவாங்க?" என்றார். எரிச்சலாக வந்தது. அவர் சொன்னது சரி, அதனால்தான்.

மார்ச் 15

மதிப்பீட்டுக் குழு முன்னால் பத்துக்குப் பத்து. இயக்குநர் முகத்தில் கல்யாணக் களை. வெடி அகற்றும் படைப்பிரிவின் மேஜரும் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வேற ஏதாவது?" என்றார் குழுத் தலைவர்.

எழுந்தேன். கொண்டு வந்திருந்த வாளித் தண்ணீரை மணலில் ஊற்றினேன். பாதி என் செருப்பில்.

கருவியை மறுபடி ஓட்டியதில் நான்குதான் வந்தது. மேஜர் வந்து ஈர மணலை விரலால் கிளறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். பாவி மனுஷன், நல்லதோ கெட்டதோ ஏதாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே!

மார்ச் 18

சிவப்பு. கொள்முதல் நிறுத்தம். அணி நீடிக்குமா என்பது இன்னும் தெரியாது. இயக்குநர் என்னைக் கண்டால் சுவரைப் பார்க்கிறார்.

மார்ச் 26

அணிக்கு இன்னும் ஓராண்டு கொடுத்திருக்கிறார்கள். மேஜர் கேட்டு வாங்கினாராம். மதியம் அவருடைய லாரி வந்து நின்றது. மூட்டை மூட்டையாக மண், கல்லும் வேருமாக, ஈரம் காயாமல்.

"சலிக்க வேணாம்னு சொல்லச் சொன்னாருங்க," என்றார் ஓட்டுநர்.

அப்படியே தொட்டியில் கொட்டினோம். பத்தில் இரண்டு. ஆய்வகப் பலகையில் பழைய பத்துக்குப் பத்தை அழித்துவிட்டு, 'சலிக்காத மண்: பத்தில் இரண்டு' என்று பெரிதாக எழுதினேன்.