பிடுங்கக் கூடாத கிழங்கு

ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை.

இன்று துரை பங்களா வாசலில் கற்பாத்தியைச் சுத்தம் செய்தோம். அழகுக்கு அடுக்கிய கற்களுக்கு நடுவே களையெல்லாம் கருகிக் கிடந்தது. நானும் மருமகள் செல்லம்மாவும் குந்திப் பிடுங்கினோம். அவள் கப்பலில் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

நான் குப்பை கொட்டப் போன நேரம், துரைசானி ஒரு காய்ந்த தூரைக் காட்டி மலாயில் சொல்லியிருக்கிறாள்: "இனி ஜாங்ஙான் சாபுட்." இதைப் பிடுங்காதே என்று அர்த்தம். சாபுட் என்றால் பிடுங்கு என்று காலையில் நான்தான் செல்லம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். மலாயில் 'இனி' என்றால் 'இது'; அவளோ நம்முடைய இனி என்று எடுத்துக்கொண்டாள், நடுவிலிருந்த ஜாங்ஙான் அவளுக்குத் தெரியாது. இனிப் பிடுங்கலாம் என்று வேரோடு இழுத்துவிட்டாள். அடியிலிருந்த கிழங்கு ஒடிந்துபோனது. துரைசானியின் அம்மா சீமையிலிருந்து கொடுத்தனுப்பியதாம். துரைசானி திட்டவில்லை. ஒடிந்ததை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எங்களை வேலை வாங்கும் மண்டோர்தான் கத்தினான். "கப்பல்ல வந்தப்ப காதைக் கடல்ல போட்டுட்டாளா, கிழவி? நாளைக்கு நீ மட்டும் வா லா. இவ வேணாம்." சொல்லிவிட்டுச் சிரித்தான். என் புருஷன் செத்த அன்று நான் அரை நாள் கேட்டதற்கும் இப்படித்தான் சிரித்தான். மறப்பேனா?

சுங்கை பினாங்கில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். செல்லம்மா சோற்றைத் தொடவில்லை. "நீங்க போங்கத்தே. ஒருத்தி கூலியாச்சும் வரட்டும்" என்றாள்.

போகத்தான் வேண்டும். அவன் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். தோள் குலுங்குகிறது. விளக்கை அணைத்துவிடுகிறேன். நான் பார்க்கவில்லை என்று நினைத்தாவது அழட்டும்.