கிருமிக்குப் பத்தியம்

அக். 14, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துவைத்த துணி எதுவும் காயவில்லை. நான் வேலை பார்க்கும் குரும்பலூர் ஸ்கூலுக்கு இன்றும் லீவு சொல்லியாச்சு. இவர் மாத்திரை போட்டுவிட்டார். சிறுநீர் ஆரஞ்சு நிறம். மாத்திரையால்தான் என்று நர்ஸ் முன்பே சொன்னார். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டுகிறவர். இருமலைத் தூசி, தூசி என்றே தள்ளிவிட்டோம். டி.பி.யாம்.

திருச்சியிலிருந்து மகள் நித்யா போன். மைக்ரோபயாலஜி படிக்கிறாள். அப்பா நோயே இப்போது அவளுக்குப் பாடம்.

"அம்மா, கிருமிய முழுங்குற செல்லு இருக்குல்ல, அதுக்குள்ளயே போயி இது குடியிருக்கும். அங்க இருக்குற கொழுப்பத் தின்னும். தன்னோட மெழுகு மாதிரி கொழுப்ப செல்லோட சவ்வுல கலந்துடும். அதான் செல்லால அதச் செரிக்க முடியல."

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை.

கொழுப்புதானே அதற்குச் சோறு? நெய், முட்டை, தேங்காய்ச் சட்னி, எல்லாம் கட். பட்டினி போட்டே கொல்கிறேன். கறி கேட்க மாட்டார், புரட்டாசி.

அக். 16, வியாழன்

கஞ்சி, இட்லி, வெறும் ரசம்.

"என்னா இது, தாளிப்புகூட இல்ல?"

"பத்தியங்க."

"அப்ப சரி." ரசத்தைக் குடித்தார். சண்டை போட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

வாங்க: மாஸ்க், ஃபினாயில், கொசுவத்தி.

அக். 20, திங்கள். தீபாவளி

மழை விட்டு விட்டு. நாத்தனார் செல்வி வரதராஜன்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்தாள். தூக்குவாளி நிறையக் கறிக்குழம்பு, டப்பாவில் அதிரசம். வாசலிலேயே மடக்கினேன்.

"அண்ணனுக்கு ஆகாது செல்வி."

"எலும்பும் தோலுமா கெடக்குறாரு அண்ணி. எந்த டாக்டர் ஆகாதுன்னாங்க?"

"நான் சொல்றேன்."

நல்ல நாளும் அதுவுமாய் அழுதுகொண்டே போனாள். போகட்டும். அவளுக்கு என்ன தெரியும் உள்ளே நடப்பது? இவர் ஜன்னலோரம் நின்று பார்த்தார். புதுச் சட்டை தோளில் நிற்கவில்லை. மெலிவது கிருமியா, இவரா? அதை யோசிக்கவே பயமாக இருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பையன்கள் சரவெடி. ஒவ்வொரு சத்தத்துக்கும் இவருக்கு இருமல்.

அக். 25, சனி

ஆஸ்பத்திரி. எடை இன்னும் இறங்கியிருக்கிறது. டாக்டரம்மா இவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னைப் பிடித்தார். என்ன சமைக்கிறேன் என்று கேட்டார். நித்யா சொன்னது, நான் போட்ட கணக்கு, எல்லாம் ஒப்பித்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏம்மா, நீங்க நெய்ய நிறுத்துனா கிருமி பட்டினி கெடக்காது. அது செல்லுல இருக்குறத எடுத்துக்கும். பட்டினி கெடக்குறது உங்க வீட்டுக்காரருதான். கிருமிய மாத்திரை பாத்துக்கும். மாத்திரையத் தாங்க ஒடம்பு வேணும்ல? முட்டை, பருப்பு, கறி எல்லாம் குடுங்க. இப்படியே எடை போச்சுன்னா எனக்கே பயமா இருக்கும்மா."

டாக்டருக்கே பயமாம்.

பஸ்ஸில் கேட்டார். "உள்ள என்னா சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லைங்க."

சோற்றைக் குறைத்து உங்களை உருக்கியது நான்தான் என்று பஸ்ஸில் வைத்து எப்படிச் சொல்வேன்? வீட்டுக்கு வந்தும் சொல்லவில்லை. வெட்கம். அதைவிடப் பயம்.

அக். 26, ஞாயிறு

விடிந்ததும் கறிக்கடை. ஐப்பசி பிறந்துவிட்டதால் நல்ல கூட்டம். வறுவல், குழம்பு, அவித்த முட்டை, சோற்றில் குழி பறித்து நெய். செல்விக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை.

தட்டை வைத்தேன். "சாப்பிடுங்க. இன்னும் என்ன வேணுமோ கேளுங்க, செஞ்சு தரேன்."

தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"நேத்து ஒன்ன மட்டும் உள்ள வச்சு சொன்னது இதானா?"

"எது?"

"ஆசப்பட்டதெல்லாம் குடுங்கன்னு. எங்கப்பாவுக்கும் கடைசில இப்புடித்தான் சொன்னாங்க. நித்யாவ வரச் சொல்லிடு."